குச்சிக் குதிரைச் சிறுவனின் சதுர வெள்ளி: நியூரம்பெர்க் 1650 நினைவுக் காசின் மறுஅடிப்பு

நியூரம்பெர்க் பழைய நகரத்துக்குள் பழங்காசு விற்கும் சிறிய கடை ஒன்றில் சென்ற இலையுதிர்காலத்தில் நான் வாங்கிய சதுர வெள்ளிக் காசு, ஆறு மாதமாக என் மேசையில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் 22 மில்லிமீட்டர் நீளம். தராசில் வைத்தால் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. முகப்பில், கோலின் முனையில் குதிரைத் தலை பொருத்தி அதைக் காலிடுக்கில் வைத்து ஓட்டிவரும் சிறுவன் ஒருவன் இருக்கிறான். கூடவே 1650 என்ற ஆண்டும், ‘நியூரம்பெர்க்கில் அமைதியின் நினைவு’ என்று பொருள்படும் பழைய ஜெர்மன் வாசகமும் உள்ளன. பின்புறத்தில், ஜெர்மன் நாடுகளை அன்று தன்னுள் கொண்டிருந்த புனித ரோமப் பேரரசின் இரட்டைத்தலைக் கழுகும், பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்டை வாழ்த்தும் ‘விவாட்’ என்னும் இலத்தீன் சொல்லும் உள்ளன. ஜெர்மானியர் இதை ‘ஸ்டெக்கன்ரைட்டர் கிளிப்பே’ என்கிறார்கள். ஸ்டெக்கன்ரைட்டர் என்றால் குச்சிக் குதிரை ஓட்டுபவன். கிளிப்பே என்றால் வட்டமாக அல்லாமல் மூலைகளோடு வெட்டப்பட்ட காசு. நான் வாங்கியது 1650-இல் அடித்த அசல் அன்று, அதே உருவத்தை வைத்து நம் காலத்தில் அடித்த மறுஅடிப்பு. அது வாங்கத் தகுந்ததா, எதை எதிர்பார்த்து வாங்க வேண்டும், எதை நம்பி வாங்கக் கூடாது என்பவற்றை இந்த ஆறு மாதப் பழக்கத்தை வைத்து எழுதுகிறேன்.

இந்தக் காசைத் தேடி நான் போனதற்கு முதற்காரணம் போர் வரலாறு அன்று, ஓர் எல்லைக்கல். நாங்கள் குடியிருக்கும் ஃப்ராங்கன் பகுதிக் கிராமங்களில், ஊரின் நில எல்லையைச் சுற்றி நடந்து கற்களைப் பார்வையிடும் வழக்கம் இன்றும் உண்டு. நடத்திவைப்பவர்கள் ‘ஸீபனர்’, அதாவது எழுவர் என்று அழைக்கப்படும் ஊர்ப்பெரியவர்கள். பெரும்பாலும் ஏழு பேர் இருந்ததால் வந்த பெயர் அது. நில அளவைத்துறை செயற்கைக்கோளை வைத்து அளக்கும் இந்தக் காலத்திலும், பவேரியாவில் அவர்களின் பதவி சட்டப்படி நிலைத்திருக்கிறது. ஊதியமில்லாத மதிப்புறு பதவி, ஏற்றவர் வாழ்நாள் முழுவதும் வகிப்பது. கல்லை நடும்போது அதன் அடியில் அவர்கள் சுட்ட மண், கண்ணாடி, உலோகம் போன்றவற்றாலான சிறு அடையாளங்களைத் தங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒழுங்கில் வைக்கிறார்கள். யாரேனும் இரவோடிரவாகக் கல்லைப் பெயர்த்துத் தள்ளி நட்டாலும், அடியில் இருக்கும் அடையாளத்தைத் தோண்டிப் பார்த்து உண்மையான இடத்தைச் சொல்லிவிட முடியும். அந்த ஒழுங்கு எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. வாய்மொழியாகவே கைமாறுகிறது, அதை வெளியிடுவதில்லை என்று அவர்கள் உறுதிமொழி எடுக்கிறார்கள். யுனெஸ்கோ உடன்படிக்கையின் கீழ் ஜெர்மனி வைத்திருக்கும் மரபுப் பட்டியலில் 2016-இல் இந்த வழக்கமும் சேர்க்கப்பட்டது.

அப்படி ஒரு நடையில் என் மகளோடு கலந்துகொண்டேன். குழி திறந்திருந்தபோது மற்றவர்கள் அனைவரும் பத்தடி தள்ளிப் போய் முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்றார் முதியவர் ஒருவர். நாங்களும் அறுவடை முடிந்த வயலைப் பார்த்தபடி நின்றோம். கல் நிலைகொண்ட பிறகு அவர் பிள்ளைகளை மட்டும் அருகே அழைத்து, ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கல்லின் தலையில் வைக்கச் சொல்லி, ஆளுக்கொரு சில்லறைக் காசு கொடுத்தார். ‘இது எதற்கு?’ என்று என் மகள் கேட்டாள். ‘உன் பாட்டி வயதில் நீ இந்த இடத்தை மறந்திருக்கக் கூடாது, அதற்கு’ என்றார் அவர். வீடு திரும்பும் வழியெல்லாம் இதைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகள் முழுவதிலும் இந்தச் சிந்தனை பல வடிவங்களில் இருந்திருக்கிறது. நில வரைபடமும் அளவைப் பதிவேடும் வருவதற்கு முன்னால், எல்லை பற்றிய வழக்கில் மன்றம் கேட்டது மனிதர்களின் நினைவைத்தான். நாற்பது ஆண்டுக்கு முன் கல் எங்கே இருந்தது என்று சொல்ல, நாற்பது ஆண்டுக்கு முன் அங்கே நின்ற ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே நடையிலும் குதிரைச் சுற்றிலும் சிறுவர்களை அழைத்துப் போனார்கள். முக்கியமான கல் வந்ததும் காதைத் திருகினார்கள், கன்னத்தில் அறைந்தார்கள், அல்லது காசும் ரொட்டியும் கொடுத்தார்கள். வலியும் பரிசும் இடத்தை மனத்தில் பதியவைக்கும் என்பது அவர்கள் கண்ட உண்மை. வெஸ்ட்ஃபாலியாவின் பிரிலோன் நகரில் 1388 தொடங்கி மரபு சொல்லப்படும் எல்லைச் சுற்று இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. முதன்முறை வருபவரைக் கையும் காலும் பிடித்துத் தூக்கி, எல்லைக்கல்லின் மேல் பின்புறம் படும்படி இடிக்கிறார்கள். ஹெஸ்ஸன் மாநிலத்தின் பீடன்கோப்ஃப் ஊரில் ஏழாண்டுக்கு ஒருமுறை மூன்று நாள் விழாவாகவே நடக்கிறது. அங்கேயும் ஆளைத் தூக்கிக் கல்லுக்கு மேல் ஏற்றி இறக்கும் சடங்கு உண்டு. சுவிட்சர்லாந்தின் பெரோமுன்ஸ்டரில் இயேசு விண்ணேற்பு நாளன்று நற்கருணை அப்பத்தை ஏந்திக் குதிரைகளில் தேவாலயப் பங்கின் எல்லையைச் சுற்றி வருவது 1509 முதல் தொடர்கிறது. குதிரை ஏறிச் சுற்றுவது அங்கே இன்னும் வெறும் அலங்காரமாகிவிடவில்லை. காலை இருட்டில் கிளம்பும் மெய்யான சவாரி.

கிராமத்து முதியவர் தந்த சில்லறைக் காசு வேறொன்றுமில்லை, வழக்கமான யூரோ நாணயந்தான். பிள்ளையின் கையில் வைப்பதற்கென்றே, மறவாமைக்கென்றே அடிக்கப்பட்ட காசு ஒன்று உண்டா என்று பழங்காசுக் கடைக்காரரிடம் கேட்டேன். அவர் யோசிக்காமல் இழுப்பறையைத் திறந்து எடுத்துவைத்தது இந்தச் சதுர வெள்ளி. எல்லைச் சுற்றுக்காக அடித்தது இல்லை என்பதை அவரே முதலில் சொன்னார். ஆனால் அதற்குப் பின்னால் உள்ள கதையைக் கேட்ட பிறகு, இது நான் தேடியதன் உடன்பிறப்பு என்றே எனக்குத் தோன்றியது.

அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தப் பொருளை மதிப்பிட முடியாது. 1618-இல் தொடங்கிய முப்பதாண்டுப் போர் 1648 அக்டோபர் 24 அன்று முன்ஸ்டரில் கையெழுத்தான உடன்படிக்கையோடு தாளில் முடிந்தது. நிலத்தில் முடியவில்லை. படைகள் அங்கங்கே கோட்டைகளில் அமர்ந்திருந்தன. கூலி கிடைக்காமல் அவை நகர்வதாக இல்லை. சுவீடன் படைக்கு மட்டும் 50 இலட்சம் ரைஷ்டாலர், அதாவது பேரரசின் பெரிய வெள்ளிக் காசு, தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதைத் திரட்டுவது, எந்தப் படை எந்த நாளில் எந்தக் கோட்டையை விட்டு வெளியேறுவது, பறித்த நிலத்தை யாருக்குத் திருப்பித் தருவது என்பவற்றையெல்லாம் பேசித் தீர்க்க 1649-இல் நியூரம்பெர்க்கில் பேராளர்கள் கூடினார்கள். எல்லைக்கல் நினைவோடு இந்தச் சதுரக் காசைப் பார்க்கும் எனக்கு அந்தக் கூட்டத்தின் ஒரு விவரம் மிகவும் முக்கியமாகப்படுகிறது. திருச்சபைச் சொத்துகள் எந்தச் சமயப் பிரிவினர்க்கு உரியவை என்பதை முடிவுசெய்ய, 1624 ஜனவரி 1 அன்று அவை யார் கையில் இருந்தனவோ அவருக்கே என்று உடன்படிக்கை விதித்திருந்தது. கால் நூற்றாண்டுக்கு முந்திய ஒரு நாளின் நிலவரம்! இடையில் ஊர்கள் எரிந்திருந்தன, ஏடுகள் தொலைந்திருந்தன, மக்கள் கொள்ளைநோயில் மாண்டிருந்தார்கள். அன்று நிலைமை இப்படித்தான் இருந்தது என்று எழுந்து சொல்ல ஒரு நினைவுள்ள சாட்சி எவ்வளவு பெறுமதியானவன் என்பதை அந்தத் தலைமுறை தன் உடம்பில் உணர்ந்திருந்தது.

நியூரம்பெர்க்கே பட்ட பாடு சிறிதன்று. 1632-இல் சுவீடன் மன்னர் குஸ்டாவ் அடால்ஃபும் பேரரசின் தளபதி வாலன்ஸ்டைனும் நகரத்தின் வாசலில் வாரக்கணக்கில் எதிரெதிரே பாளையமிட்டுக் கிடந்தபோது, பசியும் நோயும் நகருக்குள்ளும் வெளியிலும் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோயின. அந்த நகரத்தில்தான் சமாதானப் பேச்சு நடந்தது. சுவீடன் தரப்பின் தலைவர், பின்னாளில் அந்நாட்டின் அரசரான கார்ல் குஸ்டாவ், 1649 இலையுதிர்காலத்தில் நகரமன்ற மாளிகையில் பெருவிருந்து வைத்து, சாளரத்தில் நிறுத்திய சிங்க உருவத்தின் வாய்வழியாகத் தெருவில் நின்ற மக்களுக்குத் திராட்சை மதுவை ஓடவிட்டார். பேரரசரின் தரப்பை நடத்தியவர் ஃப்ளோரன்ஸில் பிறந்த இத்தாலியர் ஒட்டாவியோ பிக்கோலோமினி. லூட்ஸன் போரில் பொருதவர். 1634-இல் வாலன்ஸ்டைனின் வீழ்ச்சியில் பங்குகொண்டவர். 1650 ஜூன் 26 அன்று இறுதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஜூலையில் பிக்கோலோமினி நகருக்கு வெளியே யோஹன்னிஸ் பகுதியில் வாணவேடிக்கையோடு தம் விருந்தை நடத்தினார்.

குச்சிக் குதிரைச் சிறுவர்கள் வருவது இந்த மகிழ்ச்சியின் நடுவில். நகரத்தில் வழங்கிவரும் கதை இது: குச்சிக் குதிரையில் ஏறி வரும் ஒவ்வொரு சிறுவனுக்கும் பிக்கோலோமினி ஒரு நினைவுக் காசு தரப்போகிறார் என்று ஊரில் யாரோ பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். அடுத்த நாள் அவர் தங்கியிருந்த வீட்டின் முன்னால் சிறுவர் கூட்டம் கோல்களை ஓட்டிக்கொண்டு வந்து நின்றது. என்ன இது என்று அவர் கேட்டார், சொன்னார்கள். அப்படி ஒரு வாக்கை அவர் தந்திருக்கவில்லை. எனினும் ‘எட்டு நாள் கழித்து வாருங்கள்’ என்று சொல்லியனுப்பி, அவர்களின் உருவத்தையே பொறித்த சதுர வெள்ளிகளை அடிக்கச் செய்து, திரும்பி வந்த பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார். கதையில் எவ்வளவு பிற்காலத்தார் சேர்த்தது என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் காசு கண்முன் இருக்கிறது. அதில் ஆண்டு இருக்கிறது. நாட்டின் மிகப் பெரிய போர் முடிந்ததைக் குறிக்க ஒரு நகரம் தேர்ந்தெடுத்த உருவம் அரசரோ தளபதியோ அல்லர், விளையாட்டுக் குதிரையில் வரும் பெயரில்லாச் சிறுவன் என்பதும் இருக்கிறது. உண்மையான குதிரைகள் முப்பது ஆண்டு வயல்களை மிதித்த மண்ணில், இனிக் கோலில் செய்த குதிரை போதும் என்று சொல்வது போன்ற அந்த உருவத்தை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

நினைவைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் இந்தப் பழக்கம் நியூரம்பெர்க்கோடு நிற்கவும் இல்லை. ஆக்ஸ்பர்க்கில் 1650 முதல் ஆகஸ்ட் 8 அமைதித் திருநாளாகக் கொண்டாடப்படுகிறது; அதையொட்டிச் சீர்திருத்தச் சபைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் புதிதாகச் செதுக்கிய செப்புத்தகட்டுப் படத்தாள் ஒன்று கொடுத்துவந்தார்கள். ஓஸ்நாப்ரூக்கில் இன்றும் ஒவ்வோர் அக்டோபரிலும் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே செய்த குச்சிக் குதிரைகளோடு, 1648-இல் அமைதி அறிவிக்கப்பட்ட நகரமன்றப் படிகளில் ஏறி இறங்கி, ஆளுக்கொரு இனிப்பு ரொட்டி வாங்கிச் செல்கிறார்கள். அந்த ரொட்டி தின்றால் தீர்ந்துவிடும். நியூரம்பெர்க் வெள்ளி தீரவில்லை.

இனி என் கையில் உள்ள மறுஅடிப்பைப் பார்ப்போம். முதல் பார்வையில் அது அழகாகவே இருக்கிறது. வெள்ளி தூய்மையானது, விளிம்பில் தூய்மையைக் குறிக்கும் முத்திரை சிறிதாக, ஆனால் உருப்பெருக்கி இல்லாமலேயே வாசிக்கும்படி இருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மிகப் பெரிய நேர்மையாகவே மதிக்கிறேன். முத்திரை இல்லாத மறுஅடிப்பு நாலு கை மாறினால் யாரோ ஒருவர் அதை அசலென்று விற்பார். உருவத்தின் புறக்கோடு கூர்மையாக உள்ளது. குதிரைத் தலையின் காதுகள் தனித்தனியே தெரிகின்றன. எழுத்துகள் எல்லாம் முழுமை. மூலைகள் நான்கும் செங்கோணம். மேசையில் வைத்தால் ஆடாமல் படிகிறது.

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியை வைத்தால்தான் குறை தென்படுகிறது. சிறுவனின் முகம் மழுங்கியிருக்கிறது. தேய்மானம் என்று சொல்ல முடியாது, காசு புதியது. அச்சுக்கு மாதிரியாக எடுத்த அசலே தேய்ந்ததாக இருந்திருக்க வேண்டும், அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே படியெடுத்திருக்கிறார்கள். கண்ணிருந்த இடத்தில் ஒரு மேடு மட்டும் இருக்கிறது. உடையின் மடிப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கழுகுப் பக்கம் இதைவிட நன்று, சிறகுகளை எண்ணிவிடலாம். இவ்வளவு விலைக்கு விற்கும் பொருளில், மக்கள் எதற்காக வாங்குகிறார்களோ அந்த முகத்துக்கு இன்னும் கொஞ்சம் உழைத்திருக்கலாம். பின்னணியைக் கண்ணாடி போல மெருகேற்றியிருப்பதும் எனக்கு உவப்பில்லை. விரல் பட்டால் ரேகை பதிகிறது. அதனால் விற்பவரே ‘தொடாதீர்கள்’ என்று எச்சரிக்கிறார். பிள்ளைகளின் கையில் வைப்பதற்கென்று பிறந்த காசைத் தொடக் கூடாத பொருளாக ஆக்கியது பெரும் பிழை. நான் அந்த எச்சரிக்கையைப் பின்பற்றவில்லை. ஆறு மாதத்தில் மெருகு குறைந்து, பள்ளங்களில் கருமை சற்றே படிந்து, காசு இப்போதுதான் பார்க்க நன்றாக இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க அசல் ஒன்றைக் கையில் பிடிக்க வேண்டும் என்று விரும்பினேன். பழங்காசு ஏலங்களுக்கு முந்திய நாட்களில், ஏலப்பொருள்களைப் பார்வையிட எவரும் பெயரைப் பதிந்துகொண்டு போகலாம். வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. அப்படிப் போன ஓரிடத்தில் மென்துணி விரித்த தட்டில் வைத்து ஒரு கிளிப்பேயைத் தந்தார்கள். என் மறுஅடிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அனுமதித்தார்கள். அசல் சரியான சதுரம் இல்லை. ஒரு மூலை நீண்டு, எதிர்மூலை குறுகி இருந்தது. கத்தரியால் வெட்டி அரத்தால் தேய்த்த கீறல்கள் ஓரத்தில் சாய்வாக ஓடின. தகடு ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்ததால், மெலிந்த பக்கத்தில் எழுத்து ஆழமாகப் பதியவில்லை. மேல் ஓரத்தில் வளையம் ஒட்டியிருந்து பின்பு எடுத்த தழும்பு. அதாவது இதை யாரோ கழுத்தில் அணிந்திருக்கிறார்கள். இத்தகைய கிளிப்பேகளில் துளையோ வளையத் தழும்போ காண்பது சாதாரணம். சேகரிப்போர் அதைக் குறையாக எழுதி விலையைக் குறைப்பார்கள். எனக்கோ அந்தத் தழும்புதான் அந்தத் தட்டில் இருந்தவற்றில் மிக அருமையான இடமாகப்பட்டது. அமைதி வந்த ஆண்டில் தன் மகனுக்கோ மகளுக்கோ அதைக் கோத்துக் கழுத்தில் போட்ட ஒரு வீட்டை அது காட்டிக்கொடுக்கிறது. சிறுவனின் முகத்தில் கண் இருந்தது; வாயும், சிறிது திறந்தபடி, இருந்தது.

ஆகவே, உருவத்தின் உயிர் வேண்டுபவர் அசலைத்தான் நாட வேண்டும். அது எட்டாக் கனி அன்று. வெள்ளியில் அடித்தவை நிறையவே பிழைத்திருப்பதால் ஏலங்களில் அடிக்கடி வருகின்றன. ஒன்றுக்கொன்று சிறு வேறுபாடுள்ள அச்சுகள் பல உண்டு. தங்கத்தில் அடித்தவையும் உள்ளன, அவை வேறு வகைச் செல்வர்களுக்கு. துளையும் தழும்பும் உள்ள வெள்ளி அசலுக்கு நல்ல கைக்கடிகாரம் ஒன்றின் விலை ஆகலாம். மறுஅடிப்புக்கு இருவர் உணவகத்தில் ஒரு வேளை சாப்பிடும் செலவு. வெள்ளிப் பூச்சு பூசிய மட்ட உலோகத்திலும் இதே உருவம் கிடைக்கிறது. அதை எடுத்துப் பார்த்தேன், பூச்சு மூலைகளில் ஏற்கெனவே மஞ்சளாகியிருந்தது. வாங்காதீர்கள்.

கடையின் சேவையைப் பற்றி நிறைவாகவே சொல்ல வேண்டும். கடைக்காரர் விற்பதற்கு முன் இது மறுஅடிப்பு என்பதை இரண்டு முறை சொன்னார், பற்றுச்சீட்டிலும் அதே சொல்லை எழுதினார், முத்திரை இருக்கும் இடத்தைக் காட்டினார். உடன் வரும் பெட்டியும் சான்றிதழும் அடித்த நிறுவனத்துடையவை. பெட்டி தேவைக்கு மிகப் பெரியது. சான்றிதழில் உள்ள விளக்கவுரைதான் என்னை வருத்தியது: இதைச் சந்தையில் புழங்கிய ‘பணம்’ என்று அதில் எழுதியிருக்கிறது. காசின் எந்தப் பக்கத்திலும் மதிப்பு குறிக்கப்படவில்லை; இதைக் கொடுத்து ரொட்டி வாங்குவதற்காக யாரும் அடிக்கவில்லை. நினைவுக்கென்று அடித்ததைப் பணமென்று எழுதுவது சிறு தவறு போலத் தோன்றலாம். இந்தப் பொருளின் உட்கருத்தே அதில் கெட்டுப்போகிறது. சிறுவர்களின் கதைக்கு அந்த உரையில் ஒரே ஒரு வரி. வெள்ளியின் தூய்மைக்கு நான்கு வரி.

இணையத்தில் வாங்க எண்ணுவோர்க்கு என் சொந்த அனுபவத்திலிருந்து ஓர் எச்சரிக்கை. இந்தக் கடைக்குப் போவதற்கு முன், ஒரு விற்பனைத் தளத்தில் தனியார் ஒருவர் ‘1650, வெள்ளி, மிக நல்ல நிலை’ என்று படத்தோடு போட்டிருந்ததை வாங்கினேன். அசல் என்ற சொல்லை அவர் எங்கேயும் பயன்படுத்தவில்லை. மறுஅடிப்பு என்ற சொல்லையும் பயன்படுத்தவில்லை. படத்தில் ஓரம் தெரியாதபடி எடுத்திருந்தார். வந்து சேர்ந்த பொருளின் ஓரத்தில் முத்திரையை அரத்தால் தேய்த்து அழித்த அடையாளம் பளபளவென்று இருந்தது. திருப்பியனுப்பிப் பணத்தைப் பெற ஏழு வாரம் ஆயிற்று. அதிலிருந்து நான் கற்றது: நான்கு ஓரங்களின் படத்தையும் கேளுங்கள், எடையைக் கேளுங்கள், எல்லா மூலைகளும் ஒரே அளவில் செங்கோணமாக இருந்தால் ஐயப்படுங்கள், ‘1650’ என்பது காசில் பொறித்த ஆண்டா, காசு அடித்த ஆண்டா என்று எழுத்தில் பதில் தரச் சொல்லுங்கள். நேர்மையானவர் உடனே பதில் எழுதுவார்.

இதே கடையில், நியூரம்பெர்க்கின் இன்னொரு புகழ்பெற்ற காசான 1700-ஆம் ஆண்டின் ஆட்டுக்குட்டி டக்காட்டின் மறுஅடிப்பும் வைத்திருந்தார்கள். உலக உருண்டையின் மேல் அமைதிக் கொடியோடு ஆட்டுக்குட்டி நிற்கும் அந்தத் தங்கக் காசும் சதுரமாக வெட்டப்பட்டதுண்டு. ஞானஸ்நானத்துக்கும் புத்தாண்டுக்கும் அன்பளிப்பாகத் தந்திருக்கிறார்கள். ஒரு டக்காட்டின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு வரை சிறிதாக்கி அடித்த அதன் நுணுக்கம் வியப்புக்குரியது. ஆனால் அது பெரியவர்கள் பெரியவர்களுக்குச் சொன்ன வாழ்த்து. குச்சிக் குதிரையின் நெருக்கம் அதில் எனக்குக் கிடைக்கவில்லை. பரிசாக ஒன்று வாங்க வேண்டுமானால், பெறுபவர் பிள்ளையாக இருந்தால், சதுர வெள்ளியையே சொல்வேன்.

வாங்கியவர்கள் செய்ய வேண்டியது எளிது. பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். மெருகு நீர் போட்டுத் துடைக்காதீர்கள், கறுத்தால் கறுக்கட்டும். சான்றிதழை நம்பாமல் கதையை நீங்களே சொல்லுங்கள். முடிந்தால் நியூரம்பெர்க் நகரமன்ற மாளிகைக்கு முன்னால் நின்று சொல்லுங்கள். விருந்து நடந்த மண்டபம் அங்கேதான் இருக்கிறது, இரண்டாம் உலகப் போரில் சிதைந்து மீண்டும் எழுப்பப்பட்டது.

மறுஅடிப்பை என் மகளுக்கே கொடுத்துவிட்டேன். மேசையில் அதன் இடம் மாறவில்லை, உரிமைதான் மாறியிருக்கிறது. எல்லைக்கல்லருகே முதியவர் தந்த சில்லறையை அவள் செலவழிக்கவில்லை. இரண்டையும் ஒரு சிறு துணிப்பையில் போட்டு வைத்திருக்கிறாள். சென்ற வாரம் அந்தக் கிராமத்து வழியே மிதிவண்டியில் போனபோது, சாலையிலிருந்து நூறடி உள்ளே, புல் மூடிய வரப்போரத்தில் அந்தக் கல் இருக்கும் இடத்தை நான் தவறாகக் காட்டினேன். அவள் இறங்கி நடந்து போய், புல்லை விலக்கி, சரியான கல்லின் மேல் கையை வைத்தாள்.